பேனா ஸ்பிரிங்கும் மாமா விரலும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் மூன்று வாரமாக என்னைத் துரத்தினார். கவிதை எழுதலாம் என்றால், நிலா, மழை, அவள் மூன்றையும் சிவில் பசங்க மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து விட்டார்கள். 'தொழிற்கல்வியும் நாட்டு முன்னேற்றமும்' எழுதலாம் என்றால், அது போன வருஷ மலரிலும் இருக்கிறது, அதற்கு முந்தின வருஷ மலரிலும் இருக்கிறது. அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதலாம் என்று முடிவு பண்ணினேன். இதை இதுவரை இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். என் அத்தைக்குத் தெரியாது. இந்த மலர் அத்தை கைக்குப் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பலூன் சுடுகிற கடை போடுகிறவர். ஆடி வெள்ளிக்குப் படவேடு, அமாவாசைக்கு மேல்மலையனூர் என்று வருஷம் பூராவும் சுற்றுவார். ஆனால் அவருக்கு உண்மையான அறுவடை நம்ம ஊர் கார்த்திகை தீபம்தான். கொடியேறின நாளிலிருந்து பத்தாம் நாள் மலைமேல் தீபம் ஏற்றும் வரைக்கும் பிடித்தால், வீட்டுக்கு ஆறு மாசத்துக்கு அரிசி. செங்கம் ரோடு பக்கம் ஒரு காலி மனை. நாலு கொம்பு, ஒரு தார்பாய், பின்னால் தகரம், அதற்கு முன்னால் கித்தான் துணி, அதில் வரிசை வரிசையாகப் பலூன். இவ்வளவுதான் மூலதனம். அப்புறம் துப்பாக்கி மூன்று. இரண்டு நீட்டு, ஒன்று குட்டை.

நீட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குட்டைதான் விஷயம். ஒரு கையில் பிடிக்கிற ஏர் பிஸ்டல். சினிமா பார்த்த எவனும் முதலில் அதைத்தான் எடுப்பான். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடுவான். பத்து குண்டு போடுவான், ஒரு பலூன்கூட உடையாது. "யோவ், துப்பாக்கி கோணல்யா" என்று திட்டிவிட்டுப் போவான். மாமா சிரிப்பார். ஆனால் எனக்குத் தெரியும், பார்வைக்குறி நேராகத்தான் இருந்தது. கோளாறு ட்ரிகரில்.

இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் டெஸ்ட் பண்ணி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியிருந்த கர்வம் வேறு. பக்கத்துக் காய்கறிக் கடை அக்காவிடம் கொக்கித் தராசைக் கடன் வாங்கி, ட்ரிகரில் மாட்டி, நேர் பின்னால் இழுத்துப் பார்த்தேன். முள் மூன்றரை கிலோவுக்கு வந்த பிறகுதான் 'டக்' என்று விடுபட்டது. பிஸ்டலின் எடை எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிலோ சாமானை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே கையின் ஒரு விரலால் மூன்றரை கிலோ இழுத்தால் என்ன ஆகும்? குழல் கீழே குனியும். வலது கைக்காரனுக்கு இடது பக்கமாகவும் திரும்பும். பத்தடி தூரத்துப் பலூன் எப்படி உடையும்!

"மாமா, இதைக் கொஞ்சம் லேசாக்கித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"கை வெக்காத மாப்ள. கனமா இருந்தாத்தான் பசங்க கையில குடுத்தாலும் பயமில்ல. அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

எட்டாவது படித்தவர் சொல்வதை டிப்ளமோ படிக்கிறவன் கேட்பானா?

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மற்ற துறை நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. குழலைக் கீழே மடக்கும்போது உள்ளே பெரிய ஸ்பிரிங் ஒன்று பிஸ்டனோடு சேர்ந்து பின்னால் அமுங்கும். பிஸ்டனில் ஒரு காடி வெட்டியிருக்கும். ட்ரிகரின் மேல்முனை கொக்கி மாதிரி இருக்கும். அது அந்தக் காடியில் போய் விழுந்து பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொக்கியைக் காடிக்குள் தள்ளி வைப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். நாம் ட்ரிகரை இழுக்கும்போது இரண்டோடு சண்டை போடுகிறோம். ஒன்று, அந்தச் சின்ன ஸ்பிரிங். இன்னொன்று, பெரிய ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் காடிக்கும் கொக்கிக்கும் நடுவில் உண்டாகிற உராய்வு. கொக்கி நழுவினால் பிஸ்டன் பாயும், காற்று அமுங்கும், 0.177 அங்குல ஈயக் குண்டு வெளியே போகும்.

பெரிய ஸ்பிரிங்கைத் தொட்டால் குண்டு பலூன் வரைக்கும் போகாது. ஆகவே சின்னதை மாற்று! இதுதான் என் டிசைன்.

கழற்றி மைக்ரோமீட்டரில் வைத்தேன். கம்பி 0.8 மில்லிமீட்டர், சுருளின் சராசரி விட்டம் 6, சுற்று 8, நீளம் 16. மாற்று ஸ்பிரிங்குக்கு எங்கே போவது? கல்லாப் பெட்டி மேல் ஒரு டிக்-டிக் பேனா கிடந்தது. அதைத் திறந்தேன். கம்பி 0.4, விட்டம் 4. அசல் நீளத்துக்குச் சரியாக வெட்டினேன், 10 சுற்று வந்தது. ஃபார்முலா நம் எல்லோருக்கும் மனப்பாடம். விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர் விகிதம். சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும் சுற்றுக்கும் எதிர் விகிதம். கம்பி பாதியானதால் பதினாறில் ஒரு பங்கு. சுருள் சின்னதானதால் சுமார் 3.4 மடங்கு ஏறும். சுற்று கூடியதால் 0.8 ஆகக் குறையும். எல்லாம் பெருக்கினால் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. நீளம் ஒன்றே என்பதால் முன்னழுத்தமும் ஆறில் ஒன்று. கணக்கில் ஒரு பிழை கிடையாது, இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

6 மில்லிமீட்டர் இருக்கையில் 4 மில்லிமீட்டர் ஸ்பிரிங் ஆடியது. ஒரு சின்ன வாஷரைப் போட்டு நிறுத்தினேன். மறுபடியும் தராசு மாட்டினேன். இரண்டு கிலோ! அசல் ஸ்பிரிங்கை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாடா பண்ண? நல்லா வழுக்கிகினு போவுது" என்றார் மாமா, அன்றைக்கு ராத்திரி.

"எண்ணெய் போட்டேன் மாமா."

இது நடந்தது 2024 தீபத்தில். அந்த வருஷத்தை நம் ஊர் மறக்காது. டிசம்பர் 1-ஆம் தேதி பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகள் மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மூன்று நாள் கழித்துக் கொடியேற்றம். ஊருக்கு வருகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். வியாபாரம் படுத்துக் கிடந்தது. மாமா, துப்பாக்கிக்கு வாங்கின கடனை நினைத்துப் பீடிமேல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் தேருக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. அன்றைக்குத்தான் நானும் ஸ்பிரிங்கை மாற்றினேன். அவருக்கு நாலு காசு கூட வரட்டும் என்றுதான் செய்தேன், நம்புங்கள்.

வந்தது! குட்டைத் துப்பாக்கியில் பலூன் உடைய ஆரம்பித்தது. பொம்பளைப் பிள்ளைகள்கூட எடுத்துச் சுட்டார்கள். ஒருத்தன் உடைத்தால் அவன் கூட வந்த நாலு பேரும் காசு நீட்டுவான், இதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். எட்டாம் நாள் ராத்திரி கல்லாவை எண்ணிவிட்டு, மாமா எனக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு எஞ்சினீயர் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தோன்றியது.

ஒன்பதாம் நாள். விட்டு விட்டு மழை. தார்பாய் ஓரமாகச் சாரல் உள்ளே அடித்தது. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்து நின்றது. அந்தப் பெண் கையில் மஞ்சள் கயிறு வாசனை போகவில்லை. "அந்தக் குட்டையைக் குடுங்கண்ணே" என்றது. மாமா குழலை மடக்கினார். 'க்ளிக்' கேட்டது. கேட்ட மாதிரிதான் இருந்தது. வாயில் ஒதுக்கி வைத்திருந்த குண்டு ஒன்றை எடுத்து, குழலின் பின்வாயில் வைத்து ஆள்காட்டி விரலால் அமுக்கினார்.

'டப்'.

குழல் தானாகவே மேலே பாய்ந்து மூடிக்கொண்டது. மாமாவின் விரல் நுனி உள்ளே.

அவர் கத்தவில்லை. "மாப்ள, மடக்கு" என்றார். அவ்வளவுதான். நான் குழலைத் திருப்பி மடக்கினேன். விரலை எடுத்துத் துண்டில் சுற்றினார். துண்டு சிவந்தது. அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டது. அந்தத் தம்பி பாவம், சுடாத சுடுதலுக்குக் காசு நீட்டிக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் வண்டி போகாது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம், எதிரே ஜனம் வெள்ளம் மாதிரி வந்துகொண்டிருந்தது. மாமா கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார். பார்க்கிறவர்கள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து வழி விட்டார்கள். டாக்டர் நாலு தையல் போட்டார். நகம் போயிற்று. நுனி எலும்பில் கீறல். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"பழைய துப்பாக்கி சார். ஸ்பிரிங் தேஞ்சு போச்சு" என்றார் மாமா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து டீ குடித்தோம். எனக்கு டம்ளர் கையில் நிற்கவில்லை. மாமா சாவதானமாக, "முந்தாநாளு கணக்கு எழுதலாம்னு பேனாவை எடுத்தேன். அமுக்கினா முனை வெளிய வரல. தொறந்து பார்த்தா ஸ்பிரிங்கக் காணோம். அப்பவே கேட்டிருக்கணும், கேக்கல. கல்லா நல்லா இருந்திச்சில்ல..." என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தைகிட்ட சொல்லாத. அது உன்ன வீட்டுக்குள்ள சேக்காது" என்றார்.

பலூன் ஊதி முடிச்சுப் போட ஆள்காட்டி விரல் வேண்டும் நண்பர்களே. தீபத்தன்றைக்கு விடிய விடிய நான்தான் முடிச்சுப் போட்டேன். மழையில் வெளியே வந்து மலையைப் பார்க்கக்கூட இல்லை. "அரோகரா" என்று ஊரே எழும்பின சத்தத்தில்தான் ஆறு மணி என்று தெரிந்தது. குட்டைத் துப்பாக்கி பெட்டிக்குள் கிடந்தது.

காலேஜ் திறந்ததும் எங்கள் மெஷின் டிசைன் சாரிடம் போனேன். இரண்டு பேரிடம் சொன்னேன் என்றேனே, அதில் ஒருவர் அவர். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு பேப்பரை எடுத்துக் கொக்கியையும் காடியையும் வரையச் சொன்னார். "இந்தச் சின்ன ஸ்பிரிங்குக்கு என்ன வேலை?" என்றார். "ட்ரிகரைத் திருப்பி முன்னால் கொண்டுவருவது சார்" என்றேன். "அது ஒண்ணு. அப்புறம்?" எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார். காடி வந்து நிற்கும் கண நேரத்தில் கொக்கியை முழு ஆழத்துக்கு உள்ளே தள்ளுவது இரண்டாவது வேலை. அதிர்ச்சி வந்தாலும் வெளியே வராமல் பிடித்து வைப்பது மூன்றாவது. மூன்று வேலைக்கும் சேர்த்துத்தான் 0.8 கம்பி. "நீ ஒரு வேலைக்குக் கணக்குப் போட்டே, மூணு வேலைக்காரனை நிறுத்திட்டே" என்றார்.

முதல் இரண்டு நாள் ஏன் ஓடியது, மூன்றாம் நாள் ஏன் கவிழ்ந்தது? அதற்கும் அந்தப் படத்திலேயே விடை இருந்தது. நான் வாஷர் வைத்து உட்கார வைத்த ஸ்பிரிங் சாய்ந்திருந்தது. வெட்டின முனை தட்டையாக இல்லை. பத்து நாள் ரோட்டுப் புழுதியும், பழைய கிரீஸும், மழை ஈரமும் சேர்ந்து பசை மாதிரி ஆகியிருந்தன. அசல் ஸ்பிரிங் அந்தப் பசையைச் சட்டை பண்ணாமல் கொக்கியைத் தள்ளியிருக்கும். ஆறில் ஒரு பங்கு பலமுள்ளது அரைக்கிணற்றில் நின்றுவிட்டது. கொக்கி காடியின் விளிம்பில் மட்டும் தொங்கியது. மாமா விரலால் அமுக்கின அதிர்ச்சியே போதும்.

ஸ்பிரிங் எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு விசை என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிர் மாதிரி வெளியிட்டு, 1678-ல்தான் விடையைச் சொன்னாராம். மற்றவன் திருடிவிடுவான் என்று பயம். நமக்கு அந்த விடை பாடப் புத்தகத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு அலட்சியமோ என்னவோ.

அதற்கப்புறம் இந்த ட்ரிகர் விஷயம் எனக்குப் பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. தேடித் தேடிப் படித்தேன். நிஜ பிஸ்டல்களிலும் இதே சண்டைதான் நடக்கிறது. அமெரிக்காவில் இடுப்பில் செருகுகிற சின்ன பிஸ்டல் வைத்திருப்பவர்கள், இழுப்பு கனமாக இருக்கிறதென்று ஸ்பிரிங் செட் வாங்கி மாற்றுகிறார்கள். ஊசியை அடிக்கிற ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் இழுப்பு குறையும். ஆனால் தோட்டாவின் பின்புறத்தில் அடி லேசாக விழுந்து சில சமயம் வெடிக்காது. ஆஸ்திரியாவின் கிளாக் பிஸ்டலில் இன்னும் வேடிக்கை. அதில் ட்ரிகர் ஸ்பிரிங் விரலுக்கு எதிரி இல்லை, கூட்டாளி. பின்பக்கமாக இழுத்து உதவி செய்கிறது. அதனால் அந்த ஸ்பிரிங்கை வலுவாக்கினால்தான் இழுப்பு லேசாகும்! எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் 'மெல்லிசு போடு, லேசாகும்' என்கிற என் சித்தாந்தம் அங்கே தலைகீழ். நியூயார்க் போலீஸ்காரர்கள் கிளாக்கில் வேண்டுமென்றே கனமான ஸ்பிரிங் போட்டு 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரை கிலோ இழுப்பு வைத்திருந்தார்கள். தவறுதலாக வெடிக்கக் கூடாது என்பதற்காக. ஆனால் அவ்வளவு கனம் இழுத்தால் குறி தப்புகிறது என்று பல வருஷம் வாதம் நடந்து, 2021-ல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எடையைக் குறைத்தார்கள். மாமா கட்சி ஒன்று, என் கட்சி ஒன்று என்று அங்கேயும் இரண்டு கட்சி இருந்திருக்கிறது பாருங்கள்.

நம் மனு பாக்கர் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கின 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி. எடைக்கல்லை ட்ரிகரில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். கல் தொங்கியும் விசை நழுவாமல் நிற்க வேண்டும். எங்கள் கடைத் துப்பாக்கிக்கு நான் காய்கறித் தராசில் இழுத்துப் பார்த்தேன், அவர்கள் கல் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுடையது எவ்வளவு நல்ல யோசனை! நான் எவ்வளவுக்கு விடுபடுகிறது என்று மட்டும்தான் பார்த்தேன். எவ்வளவுக்கு விடுபடாமல் நிற்கிறது என்று பார்க்கவே இல்லை.

சார் இன்னொன்றும் சொன்னார். 2016 ஆயுத விதிகளின்படி 0.177-க்கு மேற்படாத, 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் நிஜத் துப்பாக்கியென்றால் ரிப்பேர் பண்ணுவதற்கே 1959 ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். "பேனா ஸ்பிரிங்கோட அங்க போயி நிக்காதே" என்றார்.

அப்புறம் என்ன செய்தேன்? அசல் ஸ்பிரிங்கையே திருப்பிப் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. பூட்டு ரிப்பேர் பண்ணுகிற பாய் ஒருவரிடம் போனேன், நான் சொன்ன இரண்டாவது ஆள் அவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "பேனா ஸ்பிரிங்கு பேனாவுக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார். 0.7 எஃகுக் கம்பியை ஒரு ஆணியில் சுற்றி, அதே 6 மில்லிமீட்டர், அதே 8 சுற்று, இரண்டு முனையும் தட்டையாகத் தேய்த்துக் கொடுத்தார். கணக்குப்படி அசலில் ஐந்தில் மூன்று பங்கு விறைப்பு. உள்ளே இருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினேன். தராசு இரண்டே முக்கால் காட்டியது. பிறகு ட்ரிகரில் இரண்டு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டேன், நின்றது. குழலை மடக்கி, கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ரப்பர் சுத்தியால் நாலா பக்கமும் தட்டினேன். நூறு தடவை. ஒரு தடவைகூட நழுவவில்லை.

கொண்டுபோய் மாமா முன்னால் வைத்தேன். எதையும் மறைக்காமல், என்ன மாற்றினேன், எப்படிச் சோதித்தேன் என்று சொன்னேன். அசல் ஸ்பிரிங்கையும் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். "எது வேணுமோ போட்டுக்கலாம் மாமா." அவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் நகம் பாதி முளைத்திருந்தது, கோணலாக. நுனியில் இன்னும் உணர்ச்சி கிடையாது, சூடான டீ டம்ளரைத் தொட்டால்கூடத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் அசலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

2025 தீபம் டிசம்பர் 3-ஆம் தேதி வந்தது. அதே காலி மனை, அதே தகரம். பெட்டியிலிருந்து குட்டையை மாமாவே எடுத்து வெளியே வைத்தார். முதல் ஆள் வந்து அதைக் கேட்டான். மாமா கை போகவில்லை. "மாப்ள, நீ போட்டுக் குடு" என்றார்.

குழலை மடக்கினேன். இடது கையால் குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குண்டை வைத்தேன். மாமா நடுவிரலால் பலூனுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி, வந்தவன் கையில் கொடுத்த பிறகுதான் அடுத்த பலூனை எடுத்தார்.